அப்பா தளர்ந்தார், அத்தை ஏன் தளரவில்லை?

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். கேட்டவருக்குக் குடவாசல் பக்கம் ஊர், வேலை சென்னையில். எட்டு மாதத்துக்கு முன்னால் அம்மா தவறிவிட்டார். அதுவரை திடமாக இருந்த 74 வயது அப்பா இப்போது ஏழு கிலோ இறங்கிவிட்டார். சர்க்கரை ஏறுகிறது, பேச்சு குறைந்துவிட்டது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் அத்தைக்கு 71 வயது. நாற்பத்தெட்டு வயதிலேயே கணவரை இழந்தவர். கையில் பெரிதாகக் காசு கிடையாது, முட்டி வலி வேறு. ஆனாலும் ஆள் கலகலப்பாக இருக்கிறார். "சொந்தபந்தம் எல்லாம் உடம்பை இவ்வளவு தூரம் பாதிக்குமா? பாதிக்கும் என்றால் ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி ஏன்? அத்தையை அப்பாவோடு வந்து இருக்கச் சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதத்தில் ஏழு கிலோ என்பதை "அம்மா போன துக்கம்" என்று விட்டுவிடக் கூடாது. காசநோய், தைராய்டு, கட்டுப்படாத சர்க்கரை, குடலில் கட்டி எல்லாமே துக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். சளி, எக்ஸ்ரே, ரத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு எல்லாவற்றையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு மற்றதைப் பேசலாம்.

நான் திருவாரூர் மாவட்டத்தில் இருபத்தைந்து வருஷமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். வயதான தம்பதி அறைக்குள் வந்தால் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்?" என்று கணவரிடம் கேட்பேன். பதில் பக்கத்து ஸ்டூலிலிருந்து வரும்: "மூணு தடவை சார். நாலு மணிக்கு மேல தூங்கறதே இல்ல." மஞ்சப்பையிலிருந்து பழைய சீட்டும் மாத்திரை அட்டையும் அந்த அம்மாள் கையால்தான் வெளியே வரும். எது காலையில், எது சாப்பாட்டுக்கு முன்னால் என்பது கணவருக்குத் தெரியாது. ஐம்பது வருஷமாகத் தெரிந்துகொள்ளும் அவசியமும் வந்ததில்லை. அந்த அம்மாள் இறந்து இரண்டு மாதம் கழித்து அதே மனிதர் தனியாக வருவார். நான் கேட்டதும் தன்னையறியாமல் அந்த ஸ்டூல் பக்கம் திரும்பிப் பார்ப்பார். எத்தனையோ பேரிடம் இதைப் பார்த்துவிட்டேன், இன்னும் பழகவில்லை.

உறவு உடம்பைத் தொடுமா என்ற சந்தேகம் மருத்துவத்துக்குத் தீர்ந்து வெகுகாலம் ஆகிறது. கலிபோர்னியாவில் அலமேடா என்ற இடத்தில் ஏறத்தாழ 7,000 பேரை ஒன்பது வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 1979-இல் வெளிவந்த அந்த ஆய்வில், மனிதத் தொடர்பு மிகக் குறைவாக இருந்தவர்களின் இறப்பு, தொடர்பு நிறைந்தவர்களின் இறப்பைவிட ஆண்களில் 2.3 மடங்கு, பெண்களில் 2.8 மடங்கு. வயது, புகை, குடி, வருமானம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் மறையவில்லை. 2010-இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற உளவியலாளரின் குழு 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. உறவு வலுவாக இருந்தவர்கள் ஆய்வு முடியும்போது உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம். புகைப்பதை விட்டால் கிடைக்கிற பலனோடு ஒப்பிடக்கூடிய அளவு இது.

உங்கள் அப்பா விஷயத்துக்கு நேராகப் பொருந்துவது இதைவிடப் பழைய ஒரு கணக்கு. பிரிட்டனில் மனைவியை இழந்த, 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைப் பின்தொடர்ந்தார்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்களுடைய இறப்பு, அதே வயதில் மனைவியோடு இருக்கும் ஆண்களைவிட 40 சதவீதம் கூடுதல். இதயக் கோளாறுதான் அதிகம். அதற்கப்புறம் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு இறங்கியது. 1969-இல் வந்த ஆய்வு அது. பிறகு பல நாடுகளில் பார்த்ததிலும், துணை போன அடி பெண்களைவிட ஆண்களைத்தான் பலமாகத் தாக்குகிறது. அப்பா எட்டாவது மாதத்தில் இருக்கிறார், ஆனாலும் எடை இவ்வளவு இறங்கியிருக்கும்போது மோசமான கட்டத்தைத் தாண்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ள முடியாது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். தனிமை நீடித்தால் உடம்பு எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்தபடியே இருக்கும். கார்ட்டிசால் என்ற சுரப்பு இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காது, ரத்த அழுத்தம் ஏறும், தூக்கம் துண்டு துண்டாகும், சர்க்கரை கூடும், உள்ளுக்குள் அழற்சி கனன்றுகொண்டே இருக்கும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் எங்கள் பக்கத்து ஊர்களில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் இதைவிடச் சாதாரணமான காரணம். "சாப்பிட்டீங்களா" என்று கேட்க ஆள் இல்லை. கேட்டால்கூடப் போதாது, சாப்பிடாததைக் கண்ணால் பார்க்கிற ஆள் வேண்டும். கால் வீக்கத்தைப் பார்த்து "என்ன இது புதுசா?" என்கிற ஆள் வேண்டும். உறவு என்று நாம் சொல்வதில் பாதி இந்தக் கவனிப்புதான்.

சரி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏன் வேறு வேறாக? நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நம் பக்கத்தில் பெண் பிறந்த ஊரை விட்டு இன்னொரு ஊருக்கு வாழ வருகிறாள். இருபது வயதில், ஒரு முகமும் தெரியாத தெருவில், மாமியாரில் தொடங்கி எதிர்வீடு, குழாயடி, படித்துறை என்று ஒவ்வொருத்தராகப் பழகி, தனக்கென்று ஒரு வட்டத்தை உண்டாக்கிக்கொள்கிறாள். அந்த வித்தை கைவந்துவிட்டால் கடைசிவரை இருக்கும். ஆணுக்கு அந்த வேலையே இல்லை. பிறந்த தெருவிலேயே இருக்கிறான், பங்காளிகள் பிறப்போடு வந்தவர்கள். எழுபது வயதுக்குள் அந்தப் பங்காளிகளில் பாதிப்பேரோடு வரப்புத் தகராறோ கோயில் கணக்குத் தகராறோ வந்து பேச்சு நின்றிருக்கும். மிச்ச சொந்தம் என்ன? மச்சான் வீடு, சகலை வீடு, சம்பந்தி வீடு. அத்தனையும் மனைவி வழியாக வந்தது, அவள் கையால் நடந்தது. யார் வீட்டுக் காதுகுத்துக்கு எவ்வளவு மொய் வந்தது, திருப்பி எவ்வளவு வைக்க வேண்டும் என்பது மொய் நோட்டில் அவர் கையெழுத்தில் இருக்கும். ஆனால் எந்த நோட்டு, எந்தப் பரணில் என்பது அவளுக்குத்தான் தெரியும். அவள் போனதும் அந்த வீடுகளோடு பகை எதுவும் வருவதில்லை, போக்குவரத்து தானாக அற்றுப்போகிறது.

உங்கள் போன் பேச்சையே யோசித்துப் பாருங்கள். அம்மா இருந்தவரை நீங்கள் கூப்பிட்டது அம்மாவைத்தானே? அரைமணி பேசிவிட்டு "இந்தா, அப்பாட்ட குடுக்கிறேன்" என்பார். இப்போது நேராக அவரையே கூப்பிடுகிறீர்கள். "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வேற?" அந்த "வேற" என்ற சொல்லோடு அழைப்பு முடிந்துவிடும். அவருக்குப் பேசத் தெரியாது என்பதில்லை. பேச்சைத் தொடங்கி வைக்கிற வேலையை ஐம்பது வருஷம் இன்னொருத்தர் செய்துவிட்டார்.

ஆண்களுக்கு நட்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். வாய்க்கால் மதகில் சாயங்காலம் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மேட்டூரில் எத்தனை அடி, ஜூன் 12 திறப்பானா மாட்டானா, நம்ம கடைமடைக்கு எப்ப வந்து சேரும், ஆள் கூலி, அரசியல் என்று எல்லாம் ஓடும். வீட்டு விஷயம் மட்டும் வராது. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் நாலு நாள் மதகுக்கு வரவில்லை. மற்றவர்கள் "மகன் வீட்டுக்குப் போயிருப்பான்" என்று இருந்துவிட்டார்கள். அவர் வீட்டில் காய்ச்சலோடு, தண்ணீர்கூட எடுத்துக் குடிக்க முடியாமல் கிடந்தார். அதே தெருவில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். அவர் ஒருநாள் காலையில் வாசல் தெளிக்கவில்லை என்றால் ஏழு மணிக்கு எதிர்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டிவிடுவாள். எந்த அலாரமும் இவ்வளவு சரியாக அடிக்காது. பெரியவர் வீட்டிலோ மனைவி இறந்த நாளிலிருந்து வாசல் தெளிப்பதே நின்றுபோயிருந்தது, ஆகவே அந்த வாசலைப் பார்த்து யாருக்கும் எதுவும் தெரிய வழியில்லை.

இதைப் படித்துவிட்டு, பெண்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள் என்று முடிவு கட்டினால் அது பெரிய தப்பு. உங்கள் அத்தை விதி அல்ல, விலக்கு. 60 வயதைத் தாண்டிய இந்தியப் பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கணவரை இழந்தவர்கள். ஆண்களில் மனைவியை இழந்தவர்கள் ஆறில் ஒருவர் அளவுதான். பெண்ணுக்கு ஆயுள் கூடுதல், கட்டிக்கொண்டதும் தன்னைவிட மூத்தவரை. தனியாக வாழும் முதியவர்கள் இந்திய சராசரியைவிடத் தமிழ்நாட்டில் அதிகம், அவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள். 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களுடைய துணைவர்களுமாக 72,000-க்கும் அதிகமானவர்களிடம் 2017-18-இல் எடுத்த லாசி என்ற தேசிய ஆய்வு இருக்கிறது. அதை வைத்து நடந்த ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்ப வருவது, கணவரை இழந்த பெண்களிடம் மனச்சோர்வு கூடுதல் என்பது. காரணம் தேடி அலைய வேண்டாம். நிலம் அவர் பெயரில் இல்லை, வீடு அவர் பெயரில் இல்லை. முதியோர் உதவித்தொகையை 2023-இல் 1,200 ரூபாய் ஆக்கினார்கள், பலருக்குச் சொந்தக் கையில் வருகிற காசு அது மட்டும்தான். வெளிநாட்டு ஆய்வுகளில் கைம்பெண்கள் தாக்குப்பிடிப்பது போலத் தெரிவதற்கு, அங்கே அவர்களுக்குச் சுயமான ஓய்வூதியம் இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்புறம், நாம் பேசக் கூச்சப்படுகிற ஒன்று. கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து காய் நறுக்கி, மாவு பிசைந்து, வந்தவர்களுக்குப் பாய் விரித்துப் போடுகிற அத்தைகள் தாலி கட்டும் நேரத்தில் எங்கே நிற்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? தூணுக்குப் பின்னால். யாரும் போகச் சொல்வதில்லை, அவர்களாகவே போய்விடுகிறார்கள். வேலைக்கு உறவு, விசேஷத்துக்கு இல்லை. இது மனசை மட்டும்தான் தொடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உறவு உடம்பைப் பாதிப்பது போலவே உடம்பும் உறவை அறுக்கும். பெண்களிடம் இது வெளியே தெரியாமல் நடக்கிறது. ஒரு அம்மாள் ஐந்து வருஷமாக எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. மகளே "அம்மாவுக்கு இப்பல்லாம் யாரையும் பிடிக்கறதில்ல" என்றாள். மூன்றாவது தடவை தனியாக வந்தபோதுதான் நர்ஸம்மாவிடம் சொன்னார்: அடி இறங்கியிருக்கிறது, இருமினால் தும்மினால் ஒண்ணுக்கு வந்துவிடுகிறது, பஸ்ஸில் ஒரு மணிநேரம் உட்கார பயம். நாலு பிரசவம், நாற்பது வருஷ நடவு, குனிந்தே கழிந்த முதுகு. கர்ப்பப்பை இறக்கத்துக்கு வைத்தியம் இருக்கிறது. உள்ளே வளையம் பொருத்தலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், ஆரம்ப நிலையில் பயிற்சிகளே உதவும். அவருக்கு வளையம் வைத்தோம். அடுத்த மாசி மகத்துக்குக் கும்பகோணம் போய்வந்து பிரசாதம் கொண்டுவந்து கொடுத்தார். தனிமைக்கு மருந்து என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ரப்பர் வளையம்தான்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதை வேலைக்குப் போகிற பெண்களுக்கான திட்டம் என்றே எல்லோரும் பேசுகிறார்கள். என் கண்ணுக்கு இது கிழவிகளுக்கான திட்டம். யாரிடமும் பத்து ரூபாய் கேட்காமல் மகள் வீட்டுக்கும், அக்கா வீட்டுக்கும், பிரதோஷத்துக்கும் போக முடிகிறது. (டிரைவர் நிறுத்தினால்.) நூறு நாள் வேலையும் அப்படித்தான். 2006-இல் நாகையிலும் அடுத்த வருஷம் தஞ்சை, திருவாரூரிலும் வந்தது. "மரத்தடியில உக்காந்து கதை பேசறதுக்குச் சம்பளமா" என்று கேலி செய்யாத மிராசுதார் இல்லை. நடவு மெஷின் வந்து நடவாள் கூட்டம் கலைந்துபோன ஊர்களில், அறுபது தாண்டிய பெண்கள் பத்துப்பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட அந்த மரத்தடியைத் தவிர வேறு இடம் எது? முதியோர் நலனுக்காக அரசாங்கம் போட்ட எந்தத் திட்டத்தையும்விட, அதற்கென்று போடாத இந்த இரண்டும் அதிகம் செய்திருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். உங்கள் அத்தையின் கலகலப்பில் இவற்றுக்கு எவ்வளவு பங்கு என்று அவரையே கேட்டுப்பாருங்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அத்தையை அப்பா வீட்டில் கொண்டுவந்து வைத்தால் அப்பாவுக்கு நிச்சயம் நல்லது. அத்தைக்கு? இரண்டு தெரு தள்ளி அவர் தன் வீட்டில், தன் இஷ்டத்துக்கு எழுந்து, தன் கூட்டத்தோடு இருக்கிறார். அண்ணன் வீட்டுக்கு வந்த மறுநாளே காலை ஆறு மணி காபி, பத்து மணி டிபன், சர்க்கரைக்கு ஏற்ற சமையல், வெந்நீர், துணி என்று ஆரம்பித்துவிடும். முட்டி வலியோடு. எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போக நேரம் இருக்காது. ஒருவருக்காக ஓயாமல் உழைக்க வைக்கிற உறவு, செய்பவரின் உடம்பைக் கெடுக்கும். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பெண்களிடம் ரத்த அழுத்தத்தையும் தூக்கமின்மையையும் நான் தினமும் பார்க்கிறேன். அம்மா இருந்த காலி இடத்தில் இன்னொரு பெண்ணை உட்கார வைப்பதுதான் நம் வீடுகளில் முதலில் தோன்றுகிற வழி. உங்கள் மீது குற்றமாகச் சொல்லவில்லை, என் வீட்டிலும் இதே யோசனைதான் வந்தது.

மாற்றிச் செய்யலாம். அப்பா அத்தை வீட்டுக்குப் போகட்டும், மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும். இரண்டு தெரு நடை சர்க்கரைக்கும் நல்லது, வழியில் நாலு பேர் கண்ணில் படுவார். காய்கறி, அரிசி, கேஸ் செலவு உங்களுடையது. அதற்கு மேல் மாதம் ஒரு தொகை அத்தை பெயரில் வங்கிக் கணக்கில் போய்ச் சேரட்டும். "சொந்தத்துக்குக் காசா?" என்று அவர் கோபிப்பார், கோபிக்கட்டும். மேல் வேலைக்கு ஒரு ஆள் வையுங்கள். காலையும் ராத்திரியும் அப்பா தானே பார்த்துக்கொள்ளட்டும். ஒரு ரசம், உப்புமா, முட்டை வேகவைப்பது, இந்த மூன்றும் 74 வயதில் கற்றுக்கொள்ளக்கூடியவைதான். கற்றுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் ஒருவர் இப்போது என்னிடமே வத்தக்குழம்புக்குப் பக்குவம் சொல்கிறார்.

அவரைச் சென்னைக்குக் கூட்டிப்போகும் எண்ணம் இருந்தால் இந்த வருஷம் வேண்டாம். மனைவி போனது ஒரு இழப்பு, மதகும் வயலும் போவது இன்னொன்று. இரண்டையும் ஒரே வருஷத்தில் அவர்மேல் ஏற்றாதீர்கள். போனில் "சாப்டீங்களா" என்பதற்குப் பதில் அவருக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்வியைக் கேளுங்கள்: குறுவைக்கு என்ன ரகம் விட்டிருக்கிறார்கள், வடக்கு வாய்க்கால் தூர் வாரியாயிற்றா, தாத்தா காலத்துப் பத்திரம் எங்கே இருக்கிறது. கோயில் கணக்கோ, பாசனச் சங்கமோ, யாராவது அவரிடம் ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்கும்படி நீங்களே பின்னாலிருந்து ஏற்பாடு செய்யுங்கள். ஆண்கள் "பேசலாம் வா" என்றால் வரமாட்டார்கள், "ஒரு வேலை இருக்கு வா" என்றால் வருவார்கள்.

பேச்சு குறைந்ததற்குக் காதும் காரணமாக இருக்கலாம். சத்தம் போட்டுப் பேசுவதும் கேட்பதும் அம்மாவாக இருந்திருப்பார், ஆகவே காது மந்தம் வெளியே தெரிந்திருக்காது. கண்புரையையும் சேர்த்துப் பாருங்கள். மறதி நோய்க்கு வழிவிடுகிற, ஆனால் தடுக்க முடிகிற காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் பதினாலைச் சொன்னது. அதில் கேட்காத காதும், சரிசெய்யாத பார்வையும், ஆளோடு சேராத வாழ்க்கையும் மூன்று. மூன்றும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வருகிறவை.

மனச்சோர்வு வயதான ஆண்களிடம் பெரும்பாலும் அழுகையாக வராது. கோபமாக, முதுகுவலியாக, விடியற்காலை மூன்று மணி விழிப்பாக, சில பேரிடம் புதிதாகத் தொற்றிய குடியாக வரும். "போய்ச் சேர்ந்துட்டா தேவலை" என்று ஒரு தடவை சொன்னாலும் அதைக் கிழவர் பேச்சு என்று தள்ளாதீர்கள். வயதான பெண்களைவிட வயதான ஆண்களே தற்கொலையால் அதிகம் இறக்கிறார்கள். நேராகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ராத்திரி நேரத்தில் யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் உங்கள் ஊருக்கு வருவார். அப்பா பெயரைச் சேர்த்துவிடுங்கள். மாத்திரையைவிட, மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டுக்குள் வந்து பிரஷர் பார்த்துவிட்டு இரண்டு வார்த்தை பேசிப்போவது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அத்தையிடம் நேரில் போய்ப் பேசுங்கள், போனில் வேண்டாம். அவர் முட்டிக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்து, எலும்பு மருத்துவரிடம் காட்டி, அந்த வேலை முடிந்த பிறகு சாப்பாட்டுப் பேச்சை எடுங்கள். ஐப்பசி அடைமழைக்குள் முடித்துவிட்டால் நல்லது. தெருவில் தண்ணீர் கட்டிவிட்டால் அப்பா அத்தை வீட்டுக்குப் போவதும் நின்றுவிடும். அந்த ஒன்றரை மாதத்துக்கு யார், எப்படி என்பதையும் அன்றே அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.